மேலே தூக்கிய கொண்டி

எந்த அளவுக்குச் சறுக்குவாய் என்று புர்கியைப் பார்த்துத்தான் சென்சி கேட்டாள். பதில் சொன்னதென்னவோ அவள் கணவன் ஓஸ்வால்ட்.

"நல்லாவே ஓட்டுவா. இந்த மலையெல்லாம் அவளுக்குப் பழகிப்போச்சு. லேசானதா எடு."

டிசம்பர் பிறந்து முதல் கனத்த பனி விழுந்திருந்தது. சென்சியின் கடை நிறைய ஈரக் கம்பளியும் மெழுகும் கலந்த வாசனை. சுவரோரம் பனிச்சறுக்குப் பலகைகள் வரிசையாக நின்றன. புர்கி நீள பெஞ்சில் உட்கார்ந்து, புது பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே மேசை மேல் சென்சி இரண்டு ஜோடி பைண்டிங்குகளை எடுத்து வைத்திருந்தாள். பலகையோடு பூட்ஸைப் பிடித்துவைப்பது அதுதான். ஏறும்போது குதிகாலைத் தூக்கி நடக்க விடும், இறங்கும்போது முழுக்காலையும் இறுக்கிப் பிடிக்கும்.

இரண்டில் ஒன்று கனம். ஆள் விழுந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் காலை விட்டுவிடும். கழன்ற பலகை சரிவில் தனியே ஓடிவிடாமல் இருபுறமும் பிரேக் கம்பிகள் பனியில் குத்தி நிற்கும். இன்னொன்று தீப்பெட்டி போல இருந்தது. பிரேக் கிடையாது. எந்த அளவு முறுக்கு விழுந்தால் காலை விடும் என்பதைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பந்தயக்காரர்களுக்காகச் செய்தது.

புர்கி கனமானதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது விழுந்தா காலை விட்டுடுமா?"

"விட்டுடும். உன் எடை, உயரம், வயசு சொல்லு. அதுக்கு ஏத்தாப்பல திருகி வச்சுடறேன்" என்றாள் சென்சி.

"அப்ப இதுவே..."

ஓஸ்வால்ட் சிரித்தான். "கல்யாண மோதிரம் வாங்கப் போய், சுலபமா கழட்ட வருமான்னு கேட்ட கதையா இருக்கு! ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்த இரும்பைத் தூக்கணும் புர்கி. வாங்கும்போதே விழறதைப் பத்தியா பேசுவாங்க?"

சென்சியும் சிரித்துவிட்டாள். அவளும் ஓஸ்வால்டும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் பேச்சுக்குச் சிரிப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம். புர்கி கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு பூட்ஸ் கொக்கிகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். சென்சி அவளை ஒருமுறை பார்த்தாள், எதுவோ சொல்ல வந்தவள் போல. பிறகு தீப்பெட்டி ஜோடியை எடுத்துக்கொண்டு உள்ளே துளைபோடும் இயந்திரத்துக்குப் போனாள்.

ஓஸ்வால்ட் அந்தப் பள்ளத்தாக்கின் பேருந்து ஓட்டுநர். சந்தை ஊரிலிருந்து மேல்கோடி கிராமம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் நாளெல்லாம் ஏறி இறங்குவது அவன் பிழைப்பு. ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு மலையேறிச் சறுக்கி வருவது அவன் உயிர். கூட்டத்துக்குத் தலைவன் போல இருந்தவன் இறைச்சிக் கடை ஹார்ட்விக். அவன் மனைவி ஜெர்லிண்ட், மர அறுவை ஆலைக்காரர்கள் இருவர், எல்லோரும் நடக்கும் முன்பே சறுக்கப் பழகியவர்கள். புர்கி அப்படி இல்லை. அவள் கிழக்கே திராட்சைத் தோட்டமும் ஏரியுமான சமவெளியில் பிறந்தவள். முப்பது வயதில் இவனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பலகையில் கால் வைத்தாள். மருந்துக்கடையில் வேலை. பள்ளத்தாக்கில் யாருக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முகட்டுக்கு எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருவாள்.

போன குளிர்காலம் முழுக்க அதுதான் வேடிக்கை. மற்றவர்கள் முகட்டில் உட்கார்ந்து புகையூட்டிய பன்றி இறைச்சியை ரொட்டியில் வைத்துத் தின்று, தேநீரையும் குடித்து முடித்திருப்பார்கள். கீழே ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும்.

"ஓஸ், உன் பொண்டாட்டி வர்றதுக்குள்ள பனியே உருகிடும் போலிருக்கே" என்பான் ஹார்ட்விக். "என் தொழுவத்துல ஒரு காளை நிக்குது. கயிறு கட்டி இழுத்துட்டு வரச்சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஓஸ்வால்ட் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பான். சிரித்துவிட்டு எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். புர்கி மூச்சிரைக்க வந்து சேரும்போது மற்றவர்கள் உறைந்துபோன பிட்டத்தைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அவளும் உட்காராமல் அப்படியே இறங்கத் தயாராவாள்.

அவள் ஏற்றம் அவனுக்கு அவமானமாக இருந்தது. அதை அந்தப் பெயரில் அவன் நினைத்துக்கொள்ளவில்லை. பழைய பலகை கனம், பழைய பைண்டிங் ஓட்டை என்றே நினைத்துக்கொண்டான். சாமானைக் குறை சொல்வது எளிது, அது திருப்பிப் பேசாது.

புது பைண்டிங் ஏற்றத்தில் சொன்ன சொல் காப்பாற்றியது. ஜனவரியில் முதல் இரண்டு பயணங்களிலும் புர்கி அவன் முதுகுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். "அடேயப்பா, சமவெளிக் குதிரை!" என்று ஹார்ட்விக் தொப்பியைத் தூக்கினான். ஓஸ்வால்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஏதோ அவனே அவளைச் செதுக்கிச் செய்தவன் மாதிரி. தொல்லை இறக்கத்தில் வந்தது. மூன்றாம் பயணத்தில் அவளுடைய வலது பலகை காரணமே இல்லாமல் இரண்டு தடவை கழன்றுவிட்டது. இரண்டாவது முறை, மலைக்குடிலின் வெயில் முற்றத்தில் ஐம்பது பேர் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்கு நேர் எதிரே, கைக்குழந்தையே உருளாத சமதளத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"செருப்பைக்கூடக் காலில வச்சுக்கத் தெரியலையே!" என்று ஹார்ட்விக் கத்த, முற்றமே சிரித்தது. புர்கியும் சிரித்தாள். ஓஸ்வால்டின் காது மடல் இரண்டும் எரிந்தன.

அடுத்த ஞாயிறு ஷாஃப்கோகல் முகடு. முந்தைய நாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்து, பனியின் மேற்பரப்பு உருகி, இரவில் மறுபடி உறைந்திருந்தது. மேலே அப்பளம் போல ஓடு, உள்ளே பொடி. யாருக்கும் பிடிக்காத பனி அது. மற்றவர்கள் ஏறுவதற்காகப் பலகையின் அடியில் ஒட்டியிருந்த தோல்பட்டைகளை உரித்துச் சுருட்டிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார்கள். புர்கி குனிந்து பூட்ஸை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஓஸ்வால்ட் அவள் பக்கத்தில் வந்து, ஊன்றுகோலின் முனையால் அவள் பைண்டிங்கின் முன்கொண்டியை மேலே தூக்கினான். முதலில் வலது, பிறகு இடது.

"ஓஸ், கொண்டி மேல இருக்கே. ஏறும்போதுதானே அப்படிப் பூட்டணும்? இறங்கும்போது கீழ தள்ளிடணும்னு சென்சி சொன்னாளே. இல்லேன்னா விழுந்தா விடாதாமே."

"இருக்கட்டும். அப்பத்தான் கழலாது. போன வாரம் ரெண்டு தடவ மானம் போனது போதும்."

புர்கி நிமிர்ந்து பார்த்தாள். "யார் மானம்?"

அவன் பனிக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான். "கிளம்பு. அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் வேகமாகப் போய் விழவில்லை. அதுதான் பின்னாளில் அவனை அதிகம் வதைத்தது. வேகமாகப் போயிருந்தால் வேகத்தின் மேல் பழி போடலாம். அவள் மெதுவாக, பயந்து பயந்து, ஒரு திருப்பத்தை முடிக்கப் பார்த்தாள். வலது பலகையின் விளிம்பு ஓட்டுக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பலகை திரும்பவில்லை. துணியைப் பிழிவது போல அவள் தன் காலைச் சுற்றியே மெல்லச் சுழன்று சாய்வதை அவன் மேலிருந்து முழுக்கப் பார்த்தான். கை நீட்டினால் பிடித்துவிடலாம் போல அத்தனை நிதானமாக நடந்தது.

"ஓஸ்! கழட்டு, கழட்டு, கழட்டு!"

அவன் பாய்ந்து போய் மண்டியிட்டான். கொண்டி அப்படியே மேலே, இறுக நின்றிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினான். தொட்டவுடன் கீழே இறங்கிக் காலை விட்டது. பூட்ஸ் இருந்த கோணம் கால் இருக்கவேண்டிய கோணமாக இல்லை. புர்கி முகத்தைப் பனியில் புதைத்து ஊளையிட்டாள்.

கீழேயிருந்து ஹார்ட்விக் பக்கவாட்டில் ஏறி ஓடிவந்தான். காலைப் பார்த்தான், தனியே கிடந்த பலகையைப் பார்த்தான்.

"பலகை கழண்டுதானே கிடக்கு. அப்புறம் எப்படிடா கால் போச்சு?"

ஓஸ்வால்ட் வாயைத் திறந்தான். "தெரியல" என்று வந்தது.

பனியிலிருந்து முகத்தைத் தூக்கியிருந்த புர்கி அவனைப் பார்த்தாள். வலியில் கண்ணெல்லாம் நீர். ஆனாலும் பார்த்தாள். ரயிலில் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருவனைப் பார்ப்பது போல இருந்தது.

"லேட்டா விட்டிருக்கும்" என்று ஹார்ட்விக்கே தீர்ப்புச் சொன்னான். "சென்சி சரியா மாட்டியிருக்க மாட்டா. அவங்க அப்பன் இருந்தவரைக்கும் கடை ஒழுங்கா இருந்துச்சு."

அந்த வார்த்தை குளிரில் நடுங்குகிறவன் மேல் யாரோ போர்வையை வீசியது போல வந்து விழுந்தது. ஓஸ்வால்ட் பேசாமல் போர்த்திக்கொண்டான்.

ஹெலிகாப்டர் வந்து அவளைத் தூக்கிப்போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கிச் சுருள்வாக்கில் உடைந்திருக்கிறது என்று உள்ளே உலோகத்தண்டு வைத்தார்கள். மருத்துவமனையில் ஓஸ்வால்ட் ஓடி ஓடிச் செய்தான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான், தலையணையைத் தட்டிவைத்தான், அவளுக்குப் பிடித்த வாரப்பத்திரிகை கிடைக்காமல் மூன்று கடை ஏறி இறங்கினான். அவள் பக்கத்துக் கட்டிலைப் பற்றி, சூப்பில் உப்பு இல்லாததைப் பற்றி, மருந்துக்கடையில் யார் தன் வேலையைப் பார்ப்பார்கள் என்பதைப் பற்றியெல்லாம் பேசினாள். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவள் கேட்டுவிட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. கேட்டுவிடுவாளோ என்றும் இருந்தது.

பேருந்து ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஏறினவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. காதுக்கு அந்த வசதி இல்லை. ஹார்ட்விக்கின் கடையில் அரைக்கிலோ கறி வாங்கினவர்களெல்லாம் கூடவே அந்தக் கதையையும் வாங்கிக்கொண்டுதான் பேருந்தில் ஏறினார்கள்.

"பாவம், அந்த மருந்துக்கடைப் பொண்ணு. பைண்டிங் காலை விடவே இல்லையாம்."

"சென்சிக்கு எங்க கவனம்? எந்நேரமும் போன்."

"எங்க விடுதிக்கு வர்றவங்ககிட்ட சொல்லிட்டேன், அந்தக் கடையில வாடகைக்கு எடுக்காதீங்கன்னு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

ஓஸ்வால்ட் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்ப்பான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைப்பான். புர்கி வீடு திரும்பட்டும், அப்புறம் சொல்லலாம். தையல் பிரிக்கட்டும். பேச்சு தானாகவே அடங்கிவிட்டால் எதற்குக் கிளற வேண்டும்? மனம் வக்கீலைப் போலப் பேசும். முகம் மட்டும் கண்ணாடியில் தற்செயலாகத் தெரிந்துவிட்டால் அவனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

புர்கி வீட்டுக்கு வந்த மறுநாள் சென்சி வந்தாள். கையில் ஒரு கேக். கண்ணுக்குக் கீழே கருவளையம். சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த புர்கியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எல்லாத்தையும் சரியாத்தான் பாத்தேன் புர்கி. பூட்ஸை மாட்டி, முறுக்கி, விடுதா இல்லையான்னு இயந்திரத்துல வச்சும் பாத்தேன். ஆனா எங்கயோ தப்பு பண்ணியிருக்கணும். அந்தப் பலகையை எனக்குக் குடு. கம்பெனிக்காரங்க பட்டறைக்கே கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாத்துடறேன். நான் என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

புர்கி தலையைத் திருப்பி ஓஸ்வால்டைப் பார்த்தாள். அவள் காத்திருந்தாள்.

"காபி போடறேன்" என்றான் ஓஸ்வால்ட்.

சமையலறைக்குப் போனான். காபி கொதித்து இறங்கிய பிறகும் அங்கேயே நின்றான். கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினான். துடைத்தான். கூடத்தில் சென்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் அவன் தட்டோடு வந்தபோது அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பலகையை அவனே கொட்டகையிலிருந்து எடுத்துவந்து அவளிடம் கொடுத்தான்.

"ரொம்ப நன்றி ஓஸ்" என்றாள் அவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

கதவு சாத்தியபின் புர்கி கேட்டாள். "அவ கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடக்கே, பாத்தியா?"

"ம்."

"நான் சொல்லமாட்டேன் ஓஸ். நான் சொன்னா உன்னைக் காட்டிக்கொடுத்ததா ஆயிடும். அதை நீதான் சொல்லணும்."

அப்போதும் அவன் சொல்லவில்லை. அந்த வாரமும் போய், அடுத்த வாரத்தில் பாதியும் போயிற்று.

ஒருநாள் பிற்பகல் சந்தை ஊரில் சென்சி பேருந்தில் ஏறினாள். தோளில் நீளப் பையில் புர்கியின் பலகைகள். பயண அட்டையைக் காட்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பட்டறையில பாத்துட்டாங்க. பைண்டிங்ல ஒரு கோளாறும் இல்லையாம். நான் மாட்டினதுலயும் தப்பில்லையாம். ஆனா எவன் நம்புவான்? எனக்கே நம்பிக்கை இல்ல."

நடுவில் சன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் ஹார்ட்விக்கின் மனைவி ஜெர்லிண்டும் அவள் தோழி ஒருத்தியும் ஏறினார்கள். சென்சியைப் பார்த்தார்களோ, பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்களோ, முன் இருக்கையில் உட்கார்ந்ததும் ஜெர்லிண்டின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"என் தங்கச்சி மகளுக்குப் பலகை வாங்கணுமாம். சொல்லிட்டேன், நம்மூர்க் கடையில மட்டும் வாங்காதே, அப்படி வாங்கினா கூடவே ஒரு ஆயுள் காப்பீடும் எடுத்துக்கோன்னு!"

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் ஒன்றிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஓஸ்வால்ட் பார்த்தான். சென்சி கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. கண்ணாடி முழுக்க மூச்சு ஆவி.

யாரோ மணியை அழுத்தினார்கள். அவன் காதில் விழவில்லை.

"ஏய், நிறுத்தம் போயிடுச்சு! நிறுத்து!"

அவன் அடுத்த வளைவுக்கு முன்னிருந்த ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்தினான். கைப்பிரேக்கை இழுத்தான். கதவைத் திறக்கவில்லை. எழுந்து பின்பக்கம் திரும்பி நின்றான். வழியில் பனிச்சரிவு ஏதோ என்று நினைத்துப் பேச்செல்லாம் அடங்கியது. இத்தனை வருடத்தில் அவர்கள் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

"புர்கி கால் உடைஞ்சது சென்சியால இல்ல" என்றான். செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "இறங்கும்போது கொண்டியைக் கீழ வைக்கணும். நான் மேல தூக்கிப் பூட்டிட்டேன். அவ வேண்டாம்னா. கேக்கல. அதனாலதான் பலகை காலை விடல. அப்புறம் யாரும் வர்றதுக்கு முன்னாடி நானே கீழ தள்ளிட்டேன். சென்சி மேல ஒரு தப்பும் இல்ல."

கடைசி வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் பக்கத்து ஆளைத் தட்டினார்.

"என்னவாம்? ரோட்டை மூடிட்டாங்களா?"

"இல்லங்க."

"பின்ன என்ன சொல்றான்?"

பக்கத்து ஆள் வேறு வழியில்லாமல் கத்தினான். "இவன்தான் பொண்டாட்டி காலை உடைச்சானாம்! பழியைக் கடைக்காரி மேல போட்டானாம்!"

அவ்வளவு சுருக்கமாகவும் உண்மையாகவும் ஓஸ்வால்டே சொல்லியிருக்கவில்லை. அந்தக் கத்தல் வண்டியின் தகரத்தில் மோதி அவன் மேலேயே திரும்பி விழுந்தது. கூனிக்குறுகி நின்றான்.

ஜெர்லிண்டின் முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்குடா தூக்கின?" என்று மெல்லக் கேட்டாள்.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இன்னொரு முறை பழியைக் கைமாற்றுவதாகும் என்று அந்த இடத்தில் எப்படியோ அவனுக்கு உறைத்துவிட்டது.

"எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றான்.

"நான் இறங்கணும்பா" என்றாள் மணியடித்த அம்மாள், அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே.

அவன் கதவைத் திறந்துவிட்டு, உட்கார்ந்து, வண்டியை எடுத்தான். மிச்ச வளைவுகளையெல்லாம் பிடரியில் அத்தனை கண்களோடு ஏறினான். அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு நன்றி சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. அன்று பாதிப் பேர் சொன்னார்கள். பாதிப் பேர் படியைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள்.

சென்சி தன் ஊரில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை வந்தாள். வண்டி காலியானதும் பலகைப் பையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போன ரெண்டு வருஷத்துல என்கிட்ட வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போனேன்டா. ஒவ்வொரு கதவா தட்டி, குடுங்க, மறுபடி சோதிச்சுத் தர்றேன், காசு வேண்டாம்னு கெஞ்சினேன். சில பேரு கதவைக்கூடத் திறக்கல. அப்புறம் உங்க வீட்டுக்கு வந்தேன். நீ காபி போட்டுக்கிட்டிருந்த."

"சென்சி, நான்..."

"பேசாதே. அந்தப் பலகை ஏன் தானா கழண்டுச்சு தெரியுமா? முன்பிடிக்கு அடியில பனிக்கட்டி அடைச்சிருக்கும். குச்சியால நோண்டி எடுத்திருந்தா முடிஞ்சுபோச்சு. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டா உனக்குக் கௌரவக் குறைச்சல்."

அவன் தலை நிமிரவில்லை. சென்சி பையைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது.

"நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. அவ கனமானதைக் கையில எடுத்தா. அதுதான் அவளுக்குச் சரின்னு எனக்கும் தெரியும். கால் அவளோடது, நான் கேட்டது உன் வாயை. வித்தவ நான்தானே."

அவள் திரும்பிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். இறங்குமுகப் பயணத்தில் தன் ஊர் வந்ததும் பின்கதவால் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது புர்கி சமையலறையில் ஒற்றைக்காலில் நின்று உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகட்டைகள் மேசையில் சாய்ந்திருந்தன.

"ஜெர்லிண்ட் கூப்பிட்டா" என்றாள், வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பஸ்ஸை நிறுத்திட்டுச் சொன்னியாமே."

"ஆமா."

"வெக்கமா இருந்துச்சுன்னியாம். எதை நினைச்சு?"

"நீ விழறதை."

"அது மட்டுமா?"

அவன் மேல்கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். வறுபடும் கிழங்கைக் கரண்டி புரட்டும் சத்தம். பேருந்தில் அத்தனை பேர் முன்னால் நின்று சொன்னது இதைவிட எளிது என்று தோன்றியது.

"நீ கடைசியா வர்றது. மூச்சு வாங்கறது. எல்லாரும் எந்திரிக்கும்போது நீ வந்து சேர்றது. எல்லாமே."

"ம்" என்றாள் புர்கி. அடுப்பை அணைத்தாள். "தெரியும். நான் கீழேயிருந்து ஏறி வருவேன் இல்ல, மேல எல்லா மூஞ்சியும் என்னையே பாக்கும். சிரிச்சுக்கிட்டாவது பாக்கும். உன் மூஞ்சி மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அந்தத் தொப்பியோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டேதான் நான் ஒவ்வொரு முகடும் ஏறினேன்."

யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். அவள் கிழங்கை இரண்டு தட்டில் போட்டாள். அவன் எழுந்து அவள் தட்டை மேசைக்கு எடுத்துவந்தான். இருவரும் சாப்பிட்டார்கள்.

ஹார்ட்விக் அந்த வாரக்கடைசியில் ஒரு பெரிய சாசேஜ் வளையத்தோடு வந்தான். ஓஸ்வால்டின் முதுகில் ஓங்கித் தட்டினான். "விடுடா! நாங்களும் எத்தனையோ தடவ கொண்டியைத் தூக்கிட்டுத்தான் இறங்கறோம். உன் நேரம், அவளுக்குப் பட்டுச்சு" என்றான். ஆறுதல் சொல்லத்தான் வந்தான். அந்த ஆறுதல் ஓஸ்வால்டின் உடம்பில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவன் போகவில்லை. போகாததற்கு முழங்கால் வலி என்று காரணம் சொன்னான். பிறகு அந்தப் பொய்யும் கசந்து, வரவில்லை என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டான்.

சென்சியின் கடைக்கு ஆட்கள் திரும்பினார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. கதை ஏறின வேகத்தில் திருத்தம் ஏறுவதில்லை. வேனிலில்கூட மேல்கோடி கிராமத்து ஆள் ஒருவன், ஏதோ கால் உடைந்ததே அந்தக் கடைதானே என்று பேருந்தில் கேட்டான். ஓஸ்வால்ட் வண்டியை ஓட்டிக்கொண்டே, "இல்ல, அது நான்" என்றான். அப்படி அந்த வருடம் பலமுறை சொல்ல நேர்ந்தது. எந்தத் தடவையும் அது முந்தினதைவிட எளிதாக இருக்கவில்லை.

புர்கி கோடையில் கட்டையில்லாமல் நடந்தாள். மழைக்கு முந்தின நாள் கால் குடைந்தது. அடுத்த நவம்பரில் கொட்டகையில் ஒரு புது ஜோடிப் பலகை நின்றது. எப்போது வாங்கினாள், எதைப் பார்த்து வாங்கினாள் என்று அவனுக்குத் தெரியாது. சென்சியும் மருந்துக்கடைப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஞாயிறுகளில் போகிறார்களாம், அவளும் போகிறாளாம். அன்று இரவு உணவின்போது அவன் கேட்டான்.

"நானும் வரலாமா?"

புர்கி யோசித்தாள். கோபமாக யோசிக்கவில்லை.

"இந்த வருஷம் வேண்டாம் ஓஸ்" என்றாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமைப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் ஞாயிறு காலை நால்வரும் பேருந்துக்கு வந்தார்கள். அவன் இறங்கிப்போய் வெளித்தாங்கியில் பலகைகளை வைக்க உதவினான். மற்ற மூவருடையதையும் வாங்கி வைத்தான். சென்சி ஒரு தலையசைப்போடு கொடுத்தாள். புர்கியின் பலகைக்குக் கை நீட்டியபோது அவள், "நானே வச்சுக்கறேன்" என்று சொல்லி, வைத்தும் விட்டாள். ஏறும்போது மற்றவர்களைப் போலவே பயண அட்டையைக் காட்டினாள். அவனும் மற்றவர்களுக்குப் போலவே தலையாட்டினான்.

கடைசி நிறுத்தத்தில் பெண்கள் இறங்கி, தோள்களில் பலகைகளோடு காட்டுப்பாதையை நோக்கி நடந்தார்கள். புர்கி மட்டும் படியில் ஒரு கணம் நின்றாள்.

"சாயங்கால வண்டி நீதானே ஓட்டறே?"

"நான்தான்."

"அப்ப அதுல வர்றோம். லேட்டானா கொஞ்சம் பொறு."

"பொறுக்கறேன்" என்றான்.

அவள் இறங்கிப் போனாள். அவன் கதவை மூடிவிட்டு, வண்டியைத் திருப்பத் தொடங்கினான்.